மிஸ் என்று கூப்பிடும்போது

நான் ஆசிரியை அல்ல. கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரு நாளாவது பாடம் சொன்னதில்லை. ஆனாலும் படுவான்கரையில் நான் வேலை நிமித்தம் போகிற எந்த ஊரிலும் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இடுப்பில் இருக்கிற குழந்தையும் மிஸ் என்கிறது. எழுபது வயது ஆச்சியும் "மிஸ், இரிங்க புள்ள" என்கிறார். மிஸ்ஸும் நானே, புள்ளையும் நானே. பெண்கள் அமைப்பில் வேலை செய்கிறவள், பிரதேச செயலகத்தில் இருந்து வருகிறவள், கிளினிக்கில் நிறை பார்க்கிறவள், எல்லோரும் மிஸ்தான். ஆஸ்பத்திரியில் தாதிமார் 'மிஸி'. கையில் ஒரு கோப்பு வைத்துக்கொண்டு சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வந்து இறங்கும் பெண்ணுக்கு எங்கள் மக்கள் கொடுத்து வைத்திருக்கும் பெயர் அது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நான் நெடுநாள் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது ஒரு விசிட்டிங் கார்ட்.

2012 ஆம் ஆண்டு. வந்தாறுமூலையில் சமூகவியல் படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. ஒஸ்ரியா நாட்டில் இருந்து ஒரு பெண்மணி எங்கள் வேலைத்திட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பது என் பொறுப்பு. மண்முனைத் துறையில் அப்போது பாலம் இல்லை, அது 2014 இல்தான் வந்தது. பாதையில் வாகனத்தை ஏற்றி, நாங்களும் ஏறி நின்று, வாவியைக் கடந்து போனோம். கூட்டத்துக்கு வந்த பெண்களுக்கு அவர் ஆளுக்கொரு கார்ட் கொடுத்தார். அதில் பெயருக்கு முன்னால் எம், ஏ, ஜி என்று மூன்று எழுத்து, ஒரு புள்ளி, புள்ளியின் தோளில் சின்னதாக இன்னுமொரு ஏ.

மூன்றெழுத்தைப் பார்த்து எங்கள் பெண்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு முணுமுணுப்பு ஓடியது. "மாஜிஸ்திரேட்டாம்." "வெளிநாட்டு மாஜிஸ்திரேட் அம்மாவாம்." தேநீர் கொடுக்கும் நேரத்துக்குள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு ஓடிப்போய் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொலித்தீன் பை. அந்தப் பைகளை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம், ஆணைக்குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பம், மூலை மடிந்த கலியாணப் படம். மாஜிஸ்திரேட் அம்மாவிடம் காட்டினால் ஒரு வழி பிறக்கும் என்று கொண்டு வந்திருந்தார்கள்.

அந்தப் பெண்மணிக்கு முகம் சிவந்து போயிற்று. நான் மாஜிஸ்திரேட் அல்ல, அது என் படிப்புப் பட்டம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்களுடைய நாட்டில் பல்கலைக்கழகப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போடுவது வழக்கமாம். ஆணுக்கு 'மாகிஸ்டர்', பெண்ணுக்கு 'மாகிஸ்ட்ரா'. இரண்டையும் ஒரே மூன்றெழுத்தாகச் சுருக்கினால் பெண் இருக்கிற இடம் தெரியாது என்று, கடைசி எழுத்தான ஏயைச் சின்னதாகத் தூக்கி மேலே போடுகிறார்களாம். இலத்தீன் மொழியில் மாகிஸ்ட்ரா என்றால் ஆசிரியை.

நான் அதைப் பெண்களுக்குச் சுருக்கமாகச் சொன்னேன். "இவ மாஜிஸ்திரேட் இல்ல, ரீச்சர் எண்ட மாதிரி ஒரு பட்டம்."

பொலித்தீன் பைகள் மெல்ல மடிந்தன. அந்த நேரம் முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா, "ரீச்சரா? ரீச்சரெண்டா நானுந்தானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அந்த ஊரின் பாலர் பாடசாலையில் பிள்ளைகளை வைத்துப் பார்ப்பவர். மொழிபெயர்த்தேன். ஒஸ்ரியப் பெண்மணி எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அக்காவை நான் இனி 'ரீச்சர்' என்றே எழுதுகிறேன். ஊரும் அப்படித்தான் சொல்கிறது.

அதற்குப் பிறகு, இலத்தீன் தெரிந்த வயோதிபப் பாதர் ஒருவரிடம் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். கேட்டதுதான் தாமதம், அலுமாரியில் இருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து மேசையில் வைத்தார். மேலே இருந்த சிறு புத்தகத்தின் பெயரிலேயே எங்கள் சொல் இருந்தது. பாப்பரசர் 23 ஆம் அருளப்பர் 1961 இல் வெளியிட்ட சமூகப் போதனைச் சுற்றுமடல், 'மாத்தேர் எத் மாகிஸ்ட்ரா'. தாயும் ஆசிரியையும் என்று பொருள். திருச்சபை என்ற இலத்தீன் சொல் பெண்பால் என்பதால் ஆசிரியையாயிற்று என்றார்.

மாகிஸ்டர் என்ற சொல்லுக்குள் 'மாகிஸ்' இருக்கிறது. 'கூட', 'அதிகம்' என்று அர்த்தம். ஆகவே மாகிஸ்டர் என்பவர் மற்றவர்களை விடப் பெரியவர். தலைவரும் அவர்தான், ஆசிரியரும் அவர்தான். இதே அச்சில் வார்த்த இன்னொரு சொல் உண்டு. 'மினுஸ்' என்றால் குறைவு. அதில் இருந்து வந்தது மினிஸ்டர், குறைந்தவர், ஏவல் செய்பவர். பாதர் இதைச் சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மினிஸ்டர் வருகிறார் என்று வெயிலில் மூன்று மணித்தியாலம் நிற்க வைக்கப்பட்ட எத்தனை பெண்களை எனக்குத் தெரியும்.

எங்கள் பெண்கள் கண்ட மாஜிஸ்திரேட்டும் முற்றிலும் பிழை இல்லை. அந்தச் சொல்லும் மாகிஸ்டரில் இருந்து பிறந்ததுதான். அதை விட ஆச்சரியம், 'மாகிஸ்' பிறந்த அதே பழைய வேரில் இருந்துதான் சமஸ்கிருதத்து 'மகா'வும் வந்தது என்கிறார்கள் மொழியியல் படித்தவர்கள். நாங்கள் ஒபிஸில் 'மாத்தையா' என்று கூப்பிடுகிறோமே, அந்தச் சிங்களச் சொல் மகாத்மாவில் இருந்து வந்தது. எப்படிப் பார்த்தாலும் எல்லாம் பெரிய ஆட்கள்தான்.

பெயர்தான் பெரிது. பழைய உரோமாபுரியில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியாரின் வருமானம் மிகச் சிறியது. கி.பி. 301 இல் டயோக்கிளேசியன் என்ற பேரரசன் விலைவாசியைக் கட்டுப்படுத்த ஒரு பட்டியல் போட்டான். அதில் ஆரம்ப எழுத்து ஆசிரியருக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 50 தெனாரி. வயல் கூலியாளுக்கு சாப்பாட்டுடன் நாளுக்கு 25. அதாவது ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் படிப்பிப்பது இரண்டு நாள் வயல் வேலைக்குச் சமம். பேச்சுக்கலை கற்பிக்கும் பெரிய ஆசிரியருக்கோ பிள்ளைக்கு 250. சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவருக்கே ஆகக் குறைவு. பாலர் பாடசாலை ரீச்சர்மார் இதைப் படித்தால் 1700 வருடத்தில் என்ன மாறியது என்று கேட்பார்கள்.

அந்தப் பட்டியல் ஆண்களுக்கானது. மாகிஸ்ட்ரா என்று பெண்களும் அழைக்கப்பட்டார்கள். பெண் தெய்வ வழிபாட்டுக் குழுக்களின் தலைவியருக்கு அந்தப் பெயர் இருந்தது. பிற்காலத்தில் கன்னியர் மடங்களின் தலைவியருக்கு வந்தது. அவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜேர்மனியின் ஹில்டெகார்ட். 1098 இல் பிறந்தவர். 1136 இல் அவருடைய மடத்துக் கன்னியர் அவரைத் தங்கள் மாகிஸ்ட்ராவாகத் தெரிந்தார்கள். மருந்து மூலிகை பற்றி எழுதினார், பாட்டு இயற்றினார், பெரிய மனிதர்களுக்குக் கண்டித்துக் கடிதம் எழுதினார். ஆண் துறவிகளின் மடத்தோடு ஒட்டி இருந்தது அவர்களுடைய இடம். தன் கன்னியரோடு தனி இடத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டார். மடாதிபதி விடவில்லை. ஹில்டெகார்ட் படுக்கையில் விழுந்தார். நோய் என்றார்கள். அசைக்கவே முடியவில்லையாம். மடாதிபதி சம்மதித்த பிறகு எழுந்துவிட்டார். 1150 அளவில் தங்கள் சொந்த மடத்துக்குப் போனார்கள். எனக்கு இதைப் படித்தபோது கச்சேரி வாசலில் பாய் விரித்துப் படுத்த எங்கள் அம்மாமாரின் ஞாபகம் வந்தது.

இத்தாலியில் இன்றும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை 'மாஎஸ்த்ரா'தான். மாகிஸ்ட்ராவின் நேர் மகள் அது. அதன் ஆண்பாலான 'மாஎஸ்த்ரோ'வை உலகம் முழுக்க இசைக் குழுவை நடத்தும் மேதைகளுக்குச் சொல்கிறார்கள். ஒரே சொல்லின் ஆண் மேடையில் ஏறினான், பெண் பாலர் வகுப்பில் நின்றாள். அதில் குறைவு என்ன என்று கேட்ட ஒருவரும் அந்த நாட்டில்தான் இருந்தார். மரியா மொண்டிசூரி. மருத்துவம் படித்தவர். 1907 இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் சிறுவர் இல்லம் தொடங்கினார். அங்கே பிள்ளைகளைப் பார்க்க அவர் முதலில் வைத்தது ஆசிரியப் பயிற்சி இல்லாத ஒரு சாதாரணப் பெண்ணை. 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்தார், யுத்தம் வந்ததால் 1946 வரை இந்தியாவில் தங்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர்களில் பாலர் பாடசாலையை 'மொண்டிசூரி' என்று சொல்வது அவர் பெயரால்தான். ரீச்சரிடம் இதைச் சொன்னபோது, "அது ஒரு பொம்புளட பேரா? நான் கட்டடத்துக்குச் சொல்றதெண்டு நினைச்சன்" என்றார்.

எங்கள் 'மிஸ்' வந்த பாதை வேறு. மாகிஸ்டர் பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'மெஸ்த்ர்' ஆயிற்று. அதற்கு ஒரு பெண் விகுதி ஒட்டி 'மெஸ்த்ரெஸ்' என்றார்கள். ஆங்கிலத்தில் அது 'மிஸ்ட்ரெஸ்'. அந்த ஒரு சொல்லையே நறுக்கி இரண்டாக்கினார்கள், 'மிஸிஸ்', 'மிஸ்'. தொடக்கத்தில் மிஸிஸ் என்றால் கலியாணம் முடித்தவள் என்று இருக்கவில்லை. 17, 18 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீட்டையோ கடையையோ ஆள்கிற பெண், தாலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மிஸிஸ்தான். மிஸ் என்பது சிறு பெண்களுக்கு. பிறகுதான் புருசன் உள்ளவள், இல்லாதவள் என்று பிரித்தார்கள். ஆணின் சொல்லான மாஸ்டரில் இருந்து மிஸ்டர் வந்தது. அதை யாரும் இரண்டாக நறுக்கவில்லை. மிஸ்ட்ரெஸ் என்ற முழுச் சொல்லுக்கு 'வைப்பாட்டி' என்ற அர்த்தம் வேறு ஏறிக்கொண்டது. பிரெஞ்சிலும் அப்படியே. ஒரே சொல் பாலர் வகுப்பு ஆசிரியைக்கும் கள்ளக் காதலிக்கும். ஆண்பாலுக்கு அந்தக் கறை ஒட்டவே இல்லை. ஏன் என்று சமூகவியல் படிக்காதவர்களும் சொல்வார்கள்.

நாங்கள் மட்டும் திறமில்லை. சமஸ்கிருத இலக்கணத்தில் தானே கற்பிக்கிற பெண் 'ஆசார்யா', ஆசாரியரின் மனைவி 'ஆசார்யானீ' என்று இரண்டு சொல் வைத்திருந்தார்கள். எங்கள் 'வாத்தியாரம்மா' படிப்பிப்பவளா, வாத்தியாரின் பெண்சாதியா? கேட்கிறவர் விருப்பம். போர்த்துக்கேயருடன் 'மெஸ்த்ரே' கப்பலேறி வந்து, இந்தியத் தமிழில் மேஸ்திரியாகி, கட்டட வேலையில் அதிகாரம் பண்ணுகிறது. அதன் பெண்பால் 'மெஸ்த்ரா' போர்த்துக்கேய மொழியில் உண்டு. எங்கள் பக்கம் வரவில்லை. கல்லும் மண்ணும் சுமக்கிற பெண்ணுக்கு அந்தச் சொல் தேவைப்படாது என்று விட்டுவிட்டார்கள் போலும்.

இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் ஒரு படிவம். நான் செய்த பிழை அது.

அதே 2012 இல் வாழ்வாதார உதவிக்கு விபரம் எடுத்தோம். ஒரே நாளில் நாற்பது வீடு முடிக்க வேண்டும். ரீச்சர் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வரும் வரைக்கும் காத்திருக்க எனக்கு நேரம் இல்லை. விபரம் எல்லாம் தெரிந்ததுதானே என்று நானே நிரப்பினேன். திருமதி. குடும்ப நிலை: விதவை. தொழில்: இல்லை. மாதாமாதம் பெற்றோர் சேர்த்துக் கொடுக்கும் சிறு காசைத் தொழில் வருமானமாகப் போட்டால் உதவி கிடைக்காமல் போகலாம் என்றும் ஒரு கணக்கு எனக்கு இருந்தது. நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன்.

மூன்று மாதத்தில் பெயர்ப்பட்டியல் வந்தது. ரீச்சருக்குத் தையல் மெஷின். பட்டியலின் தலைப்பு 'விதவைகளுக்கான உதவி'. கையெழுத்து வைக்க வந்தவர் தலைப்பைப் படித்தார், தன் பெயருக்கு நேரே இருந்ததையும் படித்தார். பேனையைக் கீழே வைத்தார்.

"என்ட அவர் செத்துப்போனதெண்டு ஒங்களுக்கு ஆர் மிஸ் சொன்ன?"

1990 இல் அரிசி வாங்கச் சந்தைக்குப் போன மனிதர். அன்றைக்கு ரீச்சருக்கு வயது 21. எனக்குப் பதில் வரவில்லை. ரீச்சர் சத்தம் போடவும் இல்லை. இன்னொன்றையும் கேட்டார். "தொழில் இல்லையெண்டு போட்டிரிக்கிங்க. அப்ப காலம எட்டு மணிக்கு நான் எங்க போற?"

கையெழுத்து வைக்காமல் எழுந்து போய்விட்டார். திருத்தம் கேட்டு நான் கடிதம் எழுதினேன். நினைவூட்டல் எழுதினேன். டிசெம்பரில் வேலைத்திட்டம் முடிந்தது. அந்த மெஷின் வேறொருவருக்குப் போயிற்று. கையால் தைத்துக்கொண்டுதான் அவர் பிள்ளைகளின் சீருடைக் கிழிசலை இன்றும் மூடுகிறார். போகும்போதெல்லாம் அந்த ஊசி என் கண்ணில் படுகிறது.

அதே 2012 இல், பெப்ரவரி மாதம், பிரான்ஸ் நாட்டில் அரசாங்கப் படிவங்களில் இருந்து கலியாணம் ஆகாத பெண்ணுக்கான 'மத்மொசெல்' என்ற கட்டத்தை எடுத்துவிடச் சொல்லிப் பிரதமர் சுற்றறிக்கை அனுப்பியதைப் பின்னாளில் படித்தேன். ஆங்கிலத்தில் 'மிஸ்' என்று முடிவில் இசட் ஒலியோடு சொல்கிறார்களே, புருசன் உண்டா இல்லையா என்று காட்டாத அந்தச் சொல்லை 1901 இலேயே அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். நியூயோர்க் டைம்ஸ் அதை அச்சில் ஏற்றுக்கொள்ள 1986 ஆயிற்று. 85 வருடம். எங்கள் படிவங்களில் திருமதியும் செல்வியும் அப்படியே இருக்கின்றன. 2016 இல் வந்த சட்டத்தின்படி காணாமற்போனவரின் குடும்பத்தார் மரணச் சான்றிதழ் எடுக்காமல், ஆள் காணாமற்போயிருக்கிறார் என்பதற்கான சான்றிதழ் எடுக்கலாம். அதனால் வங்கி, காணி அலுவல்களைப் பார்த்துக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். ரீச்சர் இன்னும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்துவதும் இல்லை. வேண்டிய கடதாசிகள் எவை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொலித்தீன் பைக்குள் அதுவும் இருக்கிறது.

என் கதையும் ஒன்று உண்டு. எனக்கு முப்பத்தெட்டு வயது, கலியாணம் செய்யவில்லை. ஒபிஸ்களில் படிவத்தை நீட்டும்போது 'செல்வி' என்பதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்ப்பார்கள். "இன்னுமா மிஸ்?" என்று கேட்டவர்களும் உண்டு. ஊரில் மிஸ் என்றால் மரியாதை. கந்தோரில் அதே மிஸ் ஒரு குறை.

எங்கள் அமைப்பின் விபரப் படிவத்தை போன வருடம் திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. திருமதி, செல்வி இரண்டையும் எடுத்துவிட்டு, 'உங்களை எப்படி அழைக்க வேண்டும்?' என்று ஒரு வரி விட்டேன். குடும்ப நிலைக்கு நாங்கள் கட்டம் போடவில்லை, அவர்களே சொல்வதை அவர்கள் சொன்னபடி எழுதுவது. "கணனிக்குள் இதை எப்படி ஏற்றுவது" என்று எங்கள் அலுவலகத் தம்பி தலையில் கை வைத்தார். நியாயமான கேள்விதான், இன்னும் முழுதாகத் தீரவில்லை.

புதிய படிவத்தோடு முதலில் ரீச்சரிடம் போனேன். இந்த முறை பிள்ளைகள் போகும் வரைக்கும் வாங்கில் இருந்தேன். கடைசிப் பிள்ளையின் அம்மம்மா வந்து கூட்டிப்போகப் பன்னிரண்டு மணியாயிற்று. பேனையை ரீச்சரிடம் கொடுத்தேன். முதல் வரியில் 'ரீச்சர்' என்று எழுதினார். தொழில் என்ற இடத்திலும் அதையே எழுதினார். குடும்ப நிலைக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார். பிறகு, 'அவர் சந்தைக்குப் போனவர்' என்று எழுதினார்.

படிவத்தை வாங்கிக் கோப்பில் வைக்கப் போனேன். "பொறுங்க மிஸ், ஒங்கடத நிரப்பினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்து, பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளேன்ரீ ஊற்ற உள்ளே போனார்.